சும்மா கிடக்கும் அடுக்களை லைனைப் பிளக் பாயிண்டுகளாக மாற்றுவது: முழுமையான வழிகாட்டி

நெல்லைப் பக்கம் பதினைந்து இருபது வருடத்துக்கு முன்பு கட்டிய வீடுகளில், அடுக்களைச் சுவரில் சிவப்பு விளக்கு வைத்த பெரிய 32 ஆம்பியர் சுவிட்ச் ஒன்று எண்ணெய்ப் பிசுக்கோடு சும்மா நிற்பதுண்டு. மேலப்பாளையம், கடையநல்லூர் பக்கம் வளைகுடாச் சம்பாத்தியத்தில் கட்டிய வீடென்றால் அது குக்கிங் ரேஞ்சுக்காகப் போட்டதாக இருக்கும். மற்ற வீடுகளில் பெரிய ஓவனுக்கோ கரண்ட் அடுப்புக்கோ ஆசைப்பட்டு இழுத்த லைன். அடுப்பு வரவே இல்லை, அல்லது வந்து மட்டப்பா (மொட்டைமாடி) அறைக்கு ஏறிவிட்டது. சமையல் காஸில் நடக்கிறது. அதே அடுக்களையில் இண்டக்‌ஷன், கெட்டில், மிக்சி எல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் தொங்குகின்றன.

சும்மா கிடக்கும் அந்த லைனிலிருந்து நாலு பிளக் பாயிண்ட் எடுக்கலாம், அதில் தப்பில்லை. ஆனால் "ஒயர் நல்ல கனமாத்தான் இருக்கு, அப்படியே சாக்கெட்டை மாட்டிருவோம்" என்று பழைய சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் சாக்கெட்டை வைப்பதுதான் பலரும் செய்யும் பெரிய தப்பு. ஒயர் தாங்கும், சாக்கெட் தாங்காது. நடுவில் நின்று காக்க வேண்டிய எம்சிபியோ (கரண்ட் அளவுக்கு மிஞ்சினால் தானாக விழுந்து லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒயருக்காக வைத்தது, சாக்கெட்டுக்காக அல்ல.

32 ஆம்பியர் எம்சிபி ஏன் ஆகாது

எம்சிபியில் 32 என்று எழுதியிருந்தால் 32.1 ஆம்பியரில் விழும் என்று அர்த்தமில்லை. எழுதிய அளவில் 1.13 மடங்கு கரண்ட் போனாலும் ஒரு மணி நேரம் வரை அது விழக்கூடாது. 1.45 மடங்கு போனால் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். வீட்டு எம்சிபிகளுக்கான தரம் இதுதான். ஆக 32 ஆம்பியர் எம்சிபி 36 ஆம்பியரைச் சாவகாசமாக விட்டுவிடும். 46 ஆம்பியர் போனால்கூட அசைய ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளலாம்.

நம் ஊர் பெரிய மூன்று பின் சாக்கெட் தாங்குவது 16 ஆம்பியர், சின்னது 6 ஆம்பியர். இப்போது ஒரே எக்ஸ்டென்ஷனில் இண்டக்‌ஷன் 2000 வாட், கெட்டில் 1500, மைக்ரோவேவ் 1300 ஓடுகிறதென்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 4800 வாட். 230-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 21 ஆம்பியர். 32 எம்சிபிக்கு இது ஒரு பொருட்டே இல்லை. சாக்கெட்டுக்குள் இருக்கும் பித்தளைப் பிடி சூடாகும், அதன் வில்விசை தளரும், தளரத் தளர இன்னும் சூடேறும். கடைசியில் பிளக் பின்னோடு சேர்ந்து பிளாஸ்டிக் உருகி ஒட்டிக்கொள்ளும். அதுவரைக்கும் எம்சிபி விழாது.

கனமான ஒயரில் சின்ன எம்சிபி வைப்பதில் ஒரு தவறும் இல்லை. சின்னச் சாக்கெட்டுக்கும் மெல்லிய ஒயருக்கும் பின்னால் பெரிய எம்சிபி இருப்பதுதான் தவறு.

யார் கை வைப்பது

பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை மாற்றுவது தவிர, வயரிங்கில் சேர்ப்பதோ மாற்றுவதோ உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் வழியாகத் தகுதிச் சான்று பெற்ற ஒயர்மேன் செய்ய வேண்டிய வேலை. இந்த வேலை அந்த வகையில்தான் சேரும். வீட்டுக்காரர் என்ன கேட்க வேண்டும், எதைக் கண்ணால் பார்த்த பிறகு சரி சொல்ல வேண்டும் என்று தெரிந்துகொள்ளவும், இந்தத் தொழிலில் புதிதாக இறங்கியவர்கள் வரிசை தப்பாமல் செய்யவும் கீழே உள்ளது உதவும். மீட்டரிலும் அதன் சீலிலும் யாரும் கை வைக்கக்கூடாது. அது ஈ.பி. ஆட்களின் எல்லை.

லைனை அடையாளம் காண்பது

வீட்டின் எம்சிபிகள் எல்லாம் இருக்கும் டிபி பெட்டியைத் திறந்து அடுக்களை ரேஞ்ச் லைன் எது என்று பாருங்கள். எழுதியிருந்தாலும் நம்ப வேண்டாம். அந்த எம்சிபியை மட்டும் இறக்கிவிட்டு வீடு முழுக்க ஒரு சுற்று வாருங்கள். எல்லா லைட், ஃபேன், பிளக் பாயிண்டையும் போட்டுப் பார்க்க வேண்டும். கொல்லைப்புற லைட், மோட்டார் சுவிட்ச், மாடிப்படி பல்பு என்று எதையாவது யாராவது பிற்பாடு அந்த லைனிலேயே கொக்கி போட்டிருப்பார்கள். அப்படி ஒன்று இருந்தால் அதை முதலில் அதற்குரிய லைனுக்கு மாற்றிவிட்டுத்தான் அடுத்த வேலை.

பீங்கான் ஃபியூஸ் கட்டை போட்ட பழைய வீடென்றால் இந்தச் சாக்கில் அந்த லைனையாவது எம்சிபிக்கு மாற்றிவிடுங்கள். கட்டையில் எத்தனை இழைக் கம்பி சுற்றியிருக்கிறது என்பது கடைசியாக ஃபியூஸ் போட்டவரின் மனநிலையைப் பொறுத்த விஷயம்.

மூன்று ஃபேஸ் வீட்டில் ரேஞ்சுக்கு மூன்று ஃபேஸையும் இழுத்திருக்கக் கூடும். பெட்டிக்குள் மூன்று ஃபேஸ் ஒயரும் ஒரு நியூட்ரலும் இருந்தால் ஒரே ஒரு ஃபேஸை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துப் பக்கத்துச் சாக்கெட்டுகளை வேறு வேறு ஃபேஸில் போட்டால் அவற்றுக்கிடையே ஏறத்தாழ 400 வோல்ட் நிற்கும். மிச்சமுள்ள இரண்டு ஃபேஸ் ஒயரையும் டிபி முனையில் எம்சிபியிலிருந்து கழற்றி, இரண்டு முனையிலும் மூடி போட்டுச் சுற்றி, "உபயோகத்தில் இல்லை" என்று சீட்டு ஒட்டிவிட வேண்டும்.

செத்த லைன்தானா என்று உறுதி செய்வது

மெயினை இறக்கியாயிற்று, எனவே கரண்ட் இல்லை என்று நினைப்பது இப்போதைய வீடுகளில் செல்லாது. இன்வெர்ட்டர் இருக்கும். மெயின் போனதும் அது தானாக ஓட ஆரம்பித்து, தன் லைன்களுக்குக் கரண்ட் கொடுக்கும். அடுக்களைப் பெட்டிக்குள் இன்வெர்ட்டர் ஒயர் ஒன்று கடந்து போனால் மெயின் இறக்கியும் அது உயிரோடுதான் இருக்கும். ஆகவே இன்வெர்ட்டரை அதன் சுவிட்சில் நிறுத்தி, பேட்டரி பக்கத்தையும் துண்டித்துவிட்டுத் தொடங்குங்கள். கூரையில் பேட்டரியோடு கூடிய சோலார் இருந்தால் அதற்கும் இதே கதை.

அந்த எம்சிபியை இறக்கி அதன் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டி, "வேலை நடக்கிறது" என்று எழுதுங்கள். பட்டாசலில் (ஹாலில்) டிவி பார்க்கிறவர் "கரண்ட் போச்சே" என்று வந்து தூக்கிவிடுவது நடக்காத விஷயமல்ல.

சோதிக்க நியான் டெஸ்டர் மட்டும் போதாது. ரப்பர் செருப்பு போட்டு மரப்பலகையில் நிற்கும்போது அது மங்கலாக எரியும், பகல் வெளிச்சத்தில் தெரியாமலே போகும். மல்டிமீட்டரில் மூன்று ஜோடியாகப் பாருங்கள்: ஃபேஸ்-நியூட்ரல், ஃபேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த். அதற்கு முன்னும் பின்னும் உயிருள்ள வேறொரு சாக்கெட்டில் மீட்டரை வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். மெயினை இறக்கிவிட்டிருந்தால் உயிருள்ள சாக்கெட் இருக்காது. அப்போது மெயினை இறக்குவதற்கு முன்பே ஒரு தடவையும், வேலைக்கு இறங்குமுன் பக்கத்து வீட்டுச் சாக்கெட்டிலோ புது 9 வோல்ட் பேட்டரியில் டிசி அளவிலோ ஒரு தடவையும் பார்த்துக்கொள்ளலாம். மீட்டரின் பேட்டரி செத்துப்போய் அது சைபர் காட்டினால் ஆபத்து உங்களுக்குத்தான்.

ஒயர் என்ன அளவு

சுவிட்ச் பெட்டியைத் திறந்ததும் ஒயரின் மேல் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். அழிந்திருந்தால் இழைகளை எண்ணலாம். இப்போதைய பல இழைச் செம்பு ஒயரில் ஒவ்வொரு இழையும் 0.3 மில்லிமீட்டர் கனம். 22 இழை என்றால் 1.5 சதுர மில்லிமீட்டர், 36 என்றால் 2.5, 56 என்றால் 4, 84 என்றால் 6. பழைய வீடுகளில் கேஜ் கணக்கு: 3/20 (20 கேஜ் கம்பி மூன்று) என்பது ஏறத்தாழ 2 சதுர மில்லிமீட்டர், 7/20 என்பது ஏறத்தாழ 4.6, 3/22 வெறும் 1.2.

எண்ணும்போதே நிறத்தையும் பாருங்கள். வெள்ளையாக, மெத்தென்று மடங்கினால் அலுமினியம். பழைய வீடுகளில் அது இன்னும் கிடக்கிறது. அலுமினிய ஒயரைச் செம்போடு முறுக்கிச் சுற்றினால் இணைப்பில் பூஞ்சணம் பிடித்ததுபோல் வெள்ளைப் பொடி வரும், எதிர்ப்பு ஏறும், சூடாகும். அலுமினியமாக இருந்தால் இந்த லைனை மறந்துவிட்டு, அதே பைப்பில் புதுச் செம்பு ஒயர் இழுப்பதே புத்தி.

அடுத்து, அந்த ஒயருக்கு எவ்வளவு எம்சிபி என்ற கணக்கு. சுவருக்குள் பைப்பில் போகும் பிவிசி ஒயர் 30 டிகிரிச் சூட்டில் தாங்கும் அளவு: 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயருக்கு (இனி சுருக்கமாக 2.5 ஒயர்) 24 ஆம்பியர், 4-க்கு 32, 6-க்கு 41. பாளையங்கோட்டையில் சித்திரை, வைகாசியில் வெயில் 40-ஐத் தொடும் நாட்கள் உண்டு, மேற்குச் சுவர் அதற்கும் மேல் சுடும். 40 டிகிரிக்கு 0.87-ஆல் பெருக்க வேண்டும். அதே பைப்பில் இன்னொரு லைனும் ஓடினால் மேலும் 0.8-ஆல் பெருக்க வேண்டும். அப்படிப் பெருக்கினால் 2.5 ஒயர் 16.7-க்கும், 4 ஒயர் 22-க்கும், 6 ஒயர் 28.5-க்கும் இறங்கிவிடுகிறது. எனவே நம் ஊர்ச் சூட்டுக்கு 2.5-க்கு 16 ஆம்பியர், 4-க்கு 20, 6-க்கு 25 என்று வைத்துக்கொண்டால் ஒயர் பற்றிக் கவலையில்லை. இப்போது இருப்பது 32 ஆம்பியர் எம்சிபி என்றால் 6 ஒயருக்குக்கூட அது சற்று அதிகம்தான்.

பழைய ஒயர் தேறுமா

பத்து வருடம் சும்மா கிடந்த லைன் சூடேறியே இருக்காது, ஆகவே புதுசு போலத்தான் இருக்கும் என்று தோன்றும். பாதி உண்மை. அடுப்புப் பக்கம் எண்ணெய்ப் புகை பட்ட முனை விறைத்துப்போய், மடக்கினால் வெடிக்கும். தென்காசி, குற்றாலம் பக்கம் சாரல் மாதங்களில் ஈரம் ஊறும் சுவரில் பைப்புக்குள் தண்ணீர் நிற்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்த வீடு என்றால் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

சோதனைக்கு 500 வோல்ட் மெகர் (ஒயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வேண்டும். டிபி முனையிலும் அடுக்களை முனையிலும் ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றையும் கழற்றித் தனியாக விட்டுவிட்டு, ஃபேஸ்-நியூட்ரல், ஃபேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் என்று மூன்று தடவை பாருங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே எதுவும் வரக்கூடாது. நல்ல ஒயரில் நூறு, இருநூறு மெகா ஓம் என்று சாதாரணமாக வரும். இரண்டு மூன்று மெகா ஓம் வந்தால் பாஸ்தான், ஆனால் எங்கேயோ ஈரமோ காயமோ இருக்கிறது. அதைப் புது சாக்கெட்டுகளோடு மூடிவிடுவது நல்லதல்ல. ஃபிரிட்ஜ், டிவி, எல்இடி பல்பு எதுவும் அந்த லைனில் மாட்டியிருக்கும்போது மெகர் சுற்றினால் அவற்றின் சர்க்யூட் போய்விடும்.

எர்த் தனி விஷயம். இது ஒன்றில் மட்டும் நின்று நிதானமாகப் பாருங்கள். பழைய வீடுகளில் மொட்டைச் செம்புக் கம்பியை எர்த்தாக விட்டிருப்பார்கள். அடுக்களைப் பெட்டிவரை அது வந்திருக்கும், ஆனால் டிபி பக்கம் எங்கேயும் சேராமல் மடக்கி விட்டிருப்பார்கள். மல்டிமீட்டரில் ஃபேஸ்-எர்த் 230 காட்டினால் எர்த் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மீட்டர் இழுக்கும் கரண்ட் அத்தனை சொற்பம். துருப்பிடித்து நூலாக நிற்கும் கம்பியிலும் அது 230 காட்டும். எர்த் டெஸ்டர் அல்லது லூப் டெஸ்டர் வைத்திருக்கும் ஆளைக் கூப்பிட்டுப் பார்ப்பதே சரி. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் 100 வாட் பல்பைப் போட்டுப் பார்க்கும் பழைய வழக்கம் உண்டு. எர்த் கெட்டிருந்தால் அந்த நேரத்தில் வீட்டிலுள்ள ஃபிரிட்ஜ், கிரைண்டர் உடம்பிலெல்லாம் கரண்ட் ஏறும் என்பதால் அதை வீட்டில் ஆள் நடமாடும்போது செய்யக்கூடாது.

திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரிமணலில் எர்த் குழி சீக்கிரம் காய்ந்துவிடும். தாமிரபரணிக் கரையின் வயல் மண்ணில் இந்தத் தொல்லை குறைவு. மணல் பாங்கில் குழியைச் சுற்றிக் கரி, உப்பு போட்டிருந்தாலும் கோடையில் வாரம் ஒரு தடவை ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும்.

இரண்டு வழிகள்

முதல் வழி எளிது. டிபியில் இருக்கும் 32 எம்சிபியை எடுத்துவிட்டு 16 ஆம்பியர், சி வகை (மோட்டார் கிளம்பும் நொடியில் விழாத வகை) எம்சிபி போடுவது. அடுக்களையில் பழைய சுவிட்ச் இருந்த இடத்தில் இரண்டு 16 ஆம்பியர் பாயிண்ட். பவர் லைன் ஒன்றுக்கு இரண்டு 16 ஆம்பியர் சாக்கெட்டோடு நிறுத்திக்கொள்வது நம் நாட்டு வழக்கம், அதை மீற வேண்டாம். இந்த லைனில் நிம்மதியாக ஓட்டக்கூடியது 3000 வாட். இண்டக்‌ஷனும் மிக்சியும் சேர்ந்து ஓடும், இண்டக்‌ஷனும் கெட்டிலும் சேர்ந்து நாள் முழுக்க ஓடாது.

இரண்டாவது வழி, லைன் 4 அல்லது 6 ஒயராக இருந்து, அடுக்களைக்கும் அடுத்த அறைக்குமாக நாலைந்து பாயிண்ட் வேண்டுமென்றால். பழைய சுவிட்ச் இருந்த இடத்தில் ஒரு சின்ன டிபி பெட்டி வைத்து, அங்கிருந்து லைனைப் பிரிப்பது. பெரிய டிபியில் 6 ஒயருக்கு 25, 4 ஒயருக்கு 20 எம்சிபி. சின்ன டிபியில் ஆர்சிசிபி (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் விழும் சுவிட்ச்) ஒன்று, அதன் கீழே அடுக்களைக்கு 16, அடுத்த அறைக்கு 16, டிவி, சார்ஜர் போன்ற சின்ன 6 ஆம்பியர் சாக்கெட்டுகளுக்கு 6. ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் அதன் தகுதிக்கேற்ற எம்சிபி கிடைத்துவிடுகிறது, ஒயரின் பலமும் வீணாகவில்லை. பணம் சற்று அதிகம். இடம் இருந்தால் இதையே செய்யுங்கள்.

இதற்குமுன் கரண்ட் பில்லில் உங்கள் வீட்டுக்கு அனுமதித்த லோடு எத்தனை கிலோவாட் என்று பாருங்கள். பாயிண்ட் கூடுவதால் மட்டும் பிரச்சினையில்லை. ஆனால் அந்தப் பாயிண்டுகளில் புதிதாக ஏசியும் இண்டக்‌ஷனும் ஏறினால் கூடுதல் லோடுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

வாங்க வேண்டியவை

இரண்டாவது வழிக்கு, அடுக்களையில் இரண்டு, சுவருக்கு அந்தப் பக்கம் பட்டாசலில் இரண்டு 16 ஆம்பியர் பாயிண்ட், மூன்று சின்னச் சாக்கெட் என்ற கணக்கில்:

- 6 வழி சின்ன டிபி பெட்டி 1. ஆர்சிசிபி இரண்டு இடம் பிடிக்கும், மூன்று எம்சிபி மூன்று இடம், ஒன்று காலி.
- ஆர்சிசிபி, 2 போல், 40 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் 1
- எம்சிபி, சி வகை: பெரிய டிபிக்கு 25 ஆம்பியர் 1 (லைன் 4 ஒயர் என்றால் 20), சின்ன டிபிக்கு 16 ஆம்பியர் 2, 6 ஆம்பியர் 1
- 6/16 சாக்கெட் 4, அதற்கு 16 ஆம்பியர் சுவிட்ச் 4. 6 ஆம்பியர் சாக்கெட் 3, சுவிட்ச் 3. துளையை மூடும் ஷட்டர் உள்ளதாக வாங்குங்கள், வீட்டில் குழந்தை இருக்கிறதோ இல்லையோ.
- மெட்டல் பாக்ஸும் பிளேட்டும். வாங்கும் மாட்யூல் எண்ணிக்கைக்கு ஏற்றபடி, பின்புற ஆழம் அதிகமுள்ளதாக.
- 2.5 ஒயர் சிவப்பு, கருப்பு, பச்சை. ஓடும் தூரத்தை அளந்து, ஒவ்வொரு பெட்டிக்கும் 25 சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். 6 ஆம்பியர் எம்சிபி லைனுக்கு 1.5 ஒயர் போதும்.
- 25 மில்லிமீட்டர் பிவிசி பைப் அல்லது கேசிங் பட்டி, ஒயர் முனைக்கு லக், 6 ஒயர் ஏறக்கூடிய கனெக்டர், ஐஎஸ்ஐ முத்திரையுள்ள டேப்

வீடு முழுவதற்கும் ஏற்கெனவே 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருந்தால் சின்ன டிபியில் இன்னொன்று வேண்டாம், அங்கே ஒரு 2 போல் ஐசொலேட்டர் (ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் கையால் துண்டிக்கும் சுவிட்ச்) போதும். ஒரே அளவில் இரண்டை அடுத்தடுத்து வைத்தால் எது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆர்சிசிபி லோடு அதிகமானால் விழாது என்பதையும் நினைவில் வையுங்கள். அது கசிவுக்கு மட்டும்தான், அதற்கு மேல் எம்சிபி கண்டிப்பாக இருக்க வேண்டும்.

எங்கே வைப்பது

அடுக்களைச் சுவருக்கு அந்தப் பக்கமே பட்டாசலாக இருந்தால் சுவரைத் துளைத்து முதுகோடு முதுகாகப் பெட்டி வைத்துவிடலாம், தரை உடைக்க வேண்டாம். காரைச் சுவரில் காடி வெட்டும்போது நேராக மேலிருந்து கீழாகவோ இடமிருந்து வலமாகவோ மட்டும் வெட்டுங்கள். குறுக்கே சாய்வாக ஓடிய ஒயரில்தான் பின்னால் காலண்டர் ஆணி இறங்கும். மண் சாந்து வைத்த பழைய சுவரை வெட்டினால் கை அகலம் உதிரும், அங்கே கேசிங் பட்டிதான் நல்லது.

தொட்டிக் குழாயிலிருந்து தண்ணீர் தெறிக்காத தூரத்தில் வையுங்கள். சிலிண்டர் நிற்கும் மூலையில் தரையோரம் சாக்கெட் வேண்டாம். சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும், சுவிட்ச் பொறி அங்கே போகக்கூடாது. நெல்லை ஜங்ஷன் பக்கத்துத் தாழ்ந்த தெருக்களிலும் ஆற்றோர ஊர்களிலும் 2023-இல் தண்ணீர் ஏறிய உயரம் சுவரில் இன்னும் கறையாகத் தெரியும் வீடுகளில், அந்தக் கோட்டுக்கு மேலே வைத்தால் போதும், வேறு அளவு தேட வேண்டாம்.

இணைப்பு

ஒயரை 10 முதல் 12 மில்லிமீட்டர் உரியுங்கள். உரிக்கும் கத்தி இழைகளை வெட்டிவிடாமல் பாருங்கள். முதல் வழியில் செல்கிறவர்கள் சந்திக்கும் இடைஞ்சல் ஒன்று உண்டு: 6 ஒயர் இரண்டு சேர்ந்து 16 ஆம்பியர் சாக்கெட்டின் துளைக்குள் நுழையாது. அப்போது பத்து இழையை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை நுழைக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். வெட்டிய இடம் மெல்லிசாகி அங்கேதான் சூடேறும். அதற்குப் பதில் 6 ஒயரைப் பெட்டிக்குள் கனெக்டரில் முடித்து, கனெக்டரிலிருந்து 2.5 ஒயர் சாக்கெட்டுக்குப் போகட்டும். டிபியில் 16 எம்சிபி இருப்பதால் அந்த 2.5 ஒயருக்கும் காவல் இருக்கிறது. கையால் முறுக்கி டேப் சுற்றிய இணைப்பைச் சுவருக்குள் விட வேண்டாம்.

சாக்கெட்டை முன்னால் நின்று பார்த்தால் மேலே எர்த், வலப்புறம் ஃபேஸ், இடப்புறம் நியூட்ரல். சுவிட்ச் ஃபேஸில்தான் வர வேண்டும். நியூட்ரலில் சுவிட்ச் போட்டால் அணைத்த பிறகும் மிக்சிக்குள் 230 நிற்கும். எர்த் ஒயர் ஒவ்வொரு சாக்கெட்டுக்கும், ஒவ்வொரு மெட்டல் பாக்ஸுக்கும் போக வேண்டும்.

சின்ன டிபியில் நியூட்ரலைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். ஆர்சிசிபியின் கீழே வரும் நியூட்ரலுக்குத் தனிப் பட்டை. அந்த லைனின் நியூட்ரல்கள் அதில் மட்டும் சேர வேண்டும். பட்டாசல் பக்கம் பெட்டிக்குள் வேறு லைனின் கருப்பு ஒயரைப் பார்த்து "எல்லா நியூட்ரலும் ஒன்றுதானே" என்று சேர்த்துவிட்டால், முதல் லோடு போட்டதுமே ஆர்சிசிபி விழும். இன்வெர்ட்டர் நியூட்ரலோடு சேர்த்தால் இன்னும் குழப்பம்.

திருகு முடுக்கியதும் ஒவ்வொரு ஒயரையும் பிடித்து இழுத்துப் பாருங்கள். இழுத்ததும் கையோடு வருவது பத்தில் ஒன்றாவது இருக்கும். பைப் வாயைப் புட்டி அல்லது சிலிகானால் அடையுங்கள். மழைக்கு முன் சித்தெறும்பு பைப் வழியாகப் பெட்டிக்குள் குடியேறி, சுவிட்ச் முனையில் கருகிக் கசிவை உண்டாக்கும்.

கரண்ட் கொடுப்பதற்கு முன்னும் பின்னும்

மூடுவதற்கு முன் மறுபடியும் மெகர். புது ஒயரோடு சேர்த்து, எல்லா சுவிட்சையும் போட்ட நிலையில், சாக்கெட்டில் எதுவும் மாட்டாமல். ஆர்சிசிபியின் கீழ்ப்பக்க ஒயர்களைக் கழற்றிவிட்டுச் செய்ய வேண்டும். பிறகு எர்த் தொடர்ச்சி: ஒவ்வொரு சாக்கெட்டின் எர்த் துளையிலிருந்து டிபி எர்த் பட்டை வரை மல்டிமீட்டரில் ஒரு ஓமுக்கும் குறைவாக வர வேண்டும்.

கரண்ட் கொடுத்ததும் ஒவ்வொரு சாக்கெட்டிலும் மூன்று அளவு. ஃபேஸ்-நியூட்ரல் 230 அருகே, ஃபேஸ்-எர்த் அதே அளவு, நியூட்ரல்-எர்த் ஒன்றிரண்டு வோல்ட்டுக்குள். ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானை அமுக்கினால் டக்கென்று விழ வேண்டும்.

கடைசியாக லோடு. 2000 வாட் இண்டக்‌ஷனையோ வாட்டர் ஹீட்டர் ராடோடு வாளித் தண்ணீரையோ ஒரு பாயிண்டில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். பிறகு நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, பிளக் பின்னையும் சாக்கெட் முகத்தையும் கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. விரல் வைக்க முடியாத சூடு என்றால் திருகு தளர்வு அல்லது சாக்கெட் மட்டம். ஒவ்வொரு பாயிண்டுக்கும் இதைச் செய்ய ஒரு காலைப்பொழுது போகும். போகட்டும்.

கோளாறுகள்

ஆர்சிசிபி எதையும் மாட்டாமலேயே விழுகிறதென்றால் ஃபேஸ் எங்கோ எர்த்தில் கசிகிறது, அல்லது நியூட்ரல் எர்த்தோடு தொட்டுக்கொண்டிருக்கிறது, பெட்டிக்குள் மொட்டைச் செம்புக் கம்பி நியூட்ரல் திருகில் உரசுவது வழக்கமான காரணம். எதையாவது ஓட்டியதும் விழுந்தால் நியூட்ரல் வேறு லைனோடு கலந்திருக்கிறது. குறிப்பிட்ட ஒரு கிரைண்டரைப் போட்டால் மட்டும் விழுந்தால் லைனைக் குறை சொல்ல வேண்டாம், கிரைண்டரின் மோட்டார் ஈரம் குடித்திருக்கிறது. மழை நாளில் மட்டும் விழுந்தால் எறும்பு அல்லது ஈரச் சுவர்.

ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் எம்சிபி விழுந்தால் அது பி வகையாக இருக்கும். மூன்று முதல் ஐந்து மடங்கு கரண்டிலேயே பி விழும். சி ஐந்து முதல் பத்து மடங்கு வரை பொறுக்கும், மோட்டாருக்கு அதுதான். இதற்காக ஆம்பியரைக் கூட்டிப் போடுவது பழைய கதைக்கே திரும்புவது.

டெஸ்டர் இரண்டு துளையிலும் எரிகிறது, ஆனால் எதுவும் ஓடவில்லை என்றால் நியூட்ரல் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. சாக்கெட்டில் மாட்டிய ஏதோ ஒன்றின் வழியாக ஃபேஸ் திரும்பி வந்து இடப்புறத் துளையில் நிற்கிறது. அந்தத் துளையைத் தொட்டால் அடிக்கும். உடனே எம்சிபியை இறக்கிவிட்டு, டிபியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு பெட்டியாக நியூட்ரல் திருகைப் பாருங்கள். பெரும்பாலும் முதல் பெட்டியிலேயே அகப்படும்.

ஒரு மாதம் கழித்து, எம்சிபியை இறக்கிவிட்டு, எல்லாத் திருகையும் இன்னொரு தடவை முடுக்குங்கள். பல இழைச் செம்பு முதல் சில வாரங்களில் திருகுக்குக் கீழே படிந்து இடம் விடும். அப்போதே டிபி மூடியின் உள்பக்கம் எந்த எம்சிபி எந்தப் பாயிண்டுக்கு என்று பெயிண்ட் மார்க்கரால் எழுதி ஒட்டிவிடுங்கள். பேனா மை சாரல் காலத்து ஈரத்தில் இரண்டே வருடத்தில் கரைந்துபோகும்.